பாயிரமும் பக்க வரலாறும்: கூட்டுக் கலைக்களஞ்சியத்திற் பதிப்புரிமையும் பெயர் சுட்டலும்

கலைக்களஞ்சியம் என்பது இயல்பாகவே பிறர் சொன்னவற்றைத் திரட்டிச் சொல்லும் நூலாகும். புதியதொன்றைக் கண்டுபிடித்துக் கூறுவது அதன் பணியன்று. ஏற்கெனவே கண்டு கூறப்பட்டவற்றை முறைப்படுத்தி, வேண்டுவோர் கைக்கு எட்டுமாறு வைப்பதே அதன் பணி. ஆகவே ‘இது யாருடைய சொல், யாருடைய அறிவு’ என்னும் வினா வேறெந்த நூல்வகையையும்விடக் கலைக்களஞ்சியத்தையே நெருங்கித் தொடர்ந்து வந்துள்ளது. 1728இல் இலண்டனில் ‘சைக்கிளோபீடியா’வை வெளியிட்ட ஈபிரேயிம் சேம்பர்ஸ், இலக்கியத் திருட்டைப் பற்றித் தம் நூலிலேயே எழுத நேர்ந்தபோது, கலைகளையும் விஞ்ஞானங்களையும் தொகுக்கும் அகராதியாசிரியர் ‘எனது, உனது’ என்னும் பொதுவிதிக்கு விலக்கானவர் என்ற பொருள்பட வாதிட்டார். அவரது நூலைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்க்கும் திட்டமாகத் தொடங்கி, 1751 முதல் வெளிவரலாயிற்று திதரோவும் தலம்பேரும் பதிப்பித்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம். அதில் எழுதியோர் பலரும் தத்தமக்குரிய எழுத்துக் குறியினால் அடையாளங் காட்டப்பட்டனர். விலக்குக் கோரிய நூல்வகை ஒரு தலைமுறைக் காலத்திற் கையொப்பமிடக் கற்றுக்கொண்டமை மனங்கொள்ளத்தக்கது.

தமிழில் இம்முயற்சி தனிமனித உழைப்பாகவே தொடங்கியது. மானிப்பாயைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் வெளியிட்ட ‘அபிதானகோச’மும், ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்து 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்த ‘அபிதான சிந்தாமணி’யும் அவ்வகையின. பின்னர், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 தொடக்கம் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட ‘கலைக்களஞ்சியம்’ அறிஞர் பலரின் கூட்டு முயற்சியாக அமைந்தது. மூன்றாவது கட்டம் இணையத்தோடு வந்தது. 2001 சனவரி 15ஆம் திகதி ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியா, 2003இல் தமிழிலும் தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அதன் தொடக்க காலந்தொட்டு உழைத்தோருள் முதன்மையானவர். 2017இல் தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைத் தொகை ஓர் இலட்சத்தைக் கடந்தது.

முதலிரு கட்டங்களினின்றும் மூன்றாம் கட்டத்தை வேறுபடுத்துவது எழுதுவோரின் தொகை மட்டுமன்று. அவர்கள் உள்ளே நுழையும் முறையுமாகும். இங்கு எவரும் அழைக்கப்படுவதில்லை; எவருடைய தகுதியும் வாயிலில் வினவப்படுவதில்லை. ‘தொகு’ என்ற சொல்லை அழுத்தியவுடன் வாசகர் ஆசிரியராகின்றார். இம்மாற்றம் ஒரு கணத்தில் நிகழ்வது. ஆயின் ஆசிரியருக்குரிய கடப்பாடுகளை விளங்கிக்கொள்ளல் ஒரு கணத்தில் நிகழ்வதன்று. இவ்விடைவெளியிலேதான் பதிப்புரிமை பற்றியும் பெயர் சுட்டல் பற்றியும் எழும் பிணக்குகள் யாவும் தோன்றுகின்றன. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதும், முதலாவதை மட்டும் கற்று இரண்டாவதைக் கல்லாத புதியவர் சட்டத்துக்கு அமைந்தே பெரியதோர் அநீதியைச் செய்துவிடக்கூடும் என்பதும் ஈண்டு ஆராயற்பாலன.

சட்டம் காப்பதும் காவாததும்

பதிப்புரிமை சொல்லைக் காப்பது, பொருளைக் காப்பதன்று. இலங்கையில் நடைமுறையிலுள்ள 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், எண்ணம், கோட்பாடு, கண்டுபிடிப்பு, வெறுந்தரவு ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லையென வெளிப்படையாகக் கூறுகின்றது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது என்பது எவருக்கும் உடைமையாகாத செய்தி. அந்நிகழ்வை ஒருவர் தம் நூலில் வருணித்த சொல்லொழுங்கு அவருக்கு உரியது; அவர் காலஞ்சென்று எழுபது ஆண்டுகள்வரை அவ்வுரிமை நிலைக்கும். இந்தியாவில் இக்காலவெல்லை அறுபது ஆண்டுகள். ஆகவே ஒரே தமிழ் நூல் பாக்குநீரிணையின் ஒரு கரையிற் கட்டற்றதாகவும் மறுகரையிற் கட்டுண்டதாகவும் சில காலம் இருத்தல் கூடும்.

சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே சட்டம் இட்ட இக்கோடு அறிவு வளர்ச்சிக்கு இன்றியமையாதது. செய்தியையும் உடைமையாக்கினால் எந்தக் கலைக்களஞ்சியமும் எழாது. ஆயினும் இக்கோட்டின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் 1991இல் ஒரு தொலைபேசிப் பெயர்க்கொத்துப் பற்றிய வழக்கில், தரவைத் தேடித் திரட்டிய உழைப்பு எவ்வளவு பெரிதாயினும் அவ்வுழைப்பு மட்டுமே பதிப்புரிமைக்குக் காரணமாகாது எனத் தீர்ப்பளித்தது. தெரிவிலும் ஒழுங்கிலும் தனித்தன்மை இருந்தால் அத்தெரிவுக்கும் ஒழுங்குக்கும் உரிமையுண்டு, தேடியலைந்ததற்கு உரிமையில்லை.

இதன் விளைவு தமிழ்ச் சூழலில் எவ்வாறிருக்கும்? ஓர் ஊரின் கோயில்கள், குளங்கள், கூத்து மரபுகள், அண்ணாவிமார் வரலாறு ஆகியவற்றைப் பல ஆண்டுகள் அலைந்து திரட்டி, சொந்தச் செலவிற் சில நூறு பிரதிகள் அச்சிட்டு வெளியிடும் உள்ளூர் ஆய்வாளர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஈழத்துப் பதிப்புலகில் அத்தகைய நூல் அவருக்குப் பொருள் ஈட்டித் தருவதில்லை. பெரும்பாலும் இழப்பையே தருகின்றது. அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஊதியம், ‘இதனை முதலில் வெளிக்கொணர்ந்தவர் இன்னார்’ என்று பின்வருவோர் கூறுவது. சட்டம் அவருடைய வாக்கியங்களைக் காக்கும்; அவருடைய தேடலைக் காக்காது. அத்தேடலுக்குரிய ஒரே அரண் பெயர் சுட்டல். அது சட்டத்தால் அன்றிப் புலமை ஒழுக்கத்தால் நிற்பது.

புதியவர் தடுமாறும் இடங்கள்

கூட்டுக் கலைக்களஞ்சியத்துக்குப் புதிதாக வருவோர் தடுமாறும் இடங்களை நால்வகைப்படுத்தலாம். நூலிலோ பத்திரிகையிலோ உள்ள பகுதியை அப்படியே பெயர்த்தெழுதி, கீழே உசாத்துணையாக அந்நூலின் பெயரைக் குறித்துவிடுதல் முதலாவது. இவரிடம் வஞ்சனை இல்லை. உண்மையில் இவர் பெயர் சுட்டியிருக்கின்றார். ஆயின் பெயர் சுட்டுதல் அனுமதி பெறுதல் ஆகாது. விமரிசனம், கற்பித்தல், ஆய்வு முதலிய நோக்கங்களுக்காக அளவறிந்து மேற்கோள் காட்டலை எமது சட்டமும் நியாயமான பயன்பாடாக ஏற்கின்றது. ஒரு முழுப்பக்கத்தை எடுத்து, எவரும் எந்நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தின் கீழ் மறுபடி வெளியிடுதல் அதனுள் அடங்காது.

இரண்டாவது, முதலாவதற்குக் கூறப்படும் பரிகாரத்திலிருந்தே பிறப்பது. ‘உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள்’ என்று புதியவருக்கு அறிவுறுத்தப்படுகின்றது. அவரோ மூலத்தின் வாக்கிய வரிசையை விடாமல் இங்கொரு சொல்லையும் அங்கொரு விகுதியையும் மாற்றுகின்றார். மூலத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கத் தோல் மட்டும் மாறுகின்றது. இது சட்டத்தின்படியும் ஐயத்துக்குரியது. இதனினும் திறமை வாய்ந்த வேறொருவர் பல வாக்கியங்களைக் கலைத்து முற்றிலும் புதிதாக எழுதிவிடுகின்றார். சொற்கள் யாவும் தம்முடையனவாயின என்ற நிறைவில் உசாத்துணையையும் விட்டுவிடுகின்றார். இவர் பதிப்புரிமையை மீறவில்லை. ஆயினும் மேலே கூறிய உள்ளூர் ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பை, அவர் பெயரின்றி, உலகுக்குப் பொதுவாக்கியவர் இவரே. முதலாமவரின் தவறு எளிதிற் பிடிபடும்; பக்கம் நீக்கப்படும். இவரது தவறு எந்த ஒப்பீட்டுக் கருவிக்கும் அகப்படாது.

மூன்றாவது மொழிபெயர்ப்பு. ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரையைத் தமிழாக்குவோர் பலர், அது ஏற்கெனவே கட்டற்றதாகையால் எக்கடப்பாடும் இல்லையென எண்ணுகின்றனர். மொழிபெயர்ப்பு மூலத்தின் வழிப்பட்ட ஆக்கம். மூலத்தை எழுதியோரின் உரிமை அதிலுந் தொடர்கின்றது. விக்கிப்பீடியாவின் உரை, 2009 வரை குனூ தளையறு ஆவண உரிமத்தின் கீழும், அதன்பின் முதன்மையாகக் கிரியேட்டிவ் கொமன்ஸ் அமைப்பின் ‘பெயர் குறிப்பிடல் – அதே முறையிற் பகிர்தல்’ என்னும் உரிமத்தின் கீழும் வெளியாகின்றது. 2023இல் அவ்வுரிமத்தின் நான்காம் பதிப்பு ஏற்கப்பட்டது. ‘கட்டற்றது’ என்பதன் பொருள் ‘உரிமையாளர் அற்றது’ என்பதன்று; பெயரைச் சொல்லி, பெற்ற சுதந்திரத்தைப் பிறர்க்கும் அதே அளவிற் கொடுப்பதாயின் எடுத்துக்கொள்ளலாம் என்பதேயாகும். இதனை நிறைவேற்றுவதற்கு வேண்டுவது தொகுப்புச் சுருக்கத்தில் மூலக் கட்டுரைக்கான இணைப்போடு எழுதும் ஒரு வரி மாத்திரமே. அவ்வொரு வரியே பெரும்பாலும் விடுபடுகின்றது.

நான்காவது, தம் சொந்த எழுத்தையே இடுவது. விரிவுரையாளர் ஒருவர் சஞ்சிகையொன்றில் வெளியான தமது கட்டுரையைக் கலைக்களஞ்சியத்திற் சேர்க்கின்றார் என்று கொள்ளலாம். அது பிறிதோரிடத்தில் முன்னரே வெளியானது என்பதைக் கண்டவர் அதனை நீக்குகின்றார். தம் எழுத்தைத் தாமே திருடினாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டதாக ஆசிரியர் புண்படுகின்றார். ஆயின் புனைபெயரிலும் எழுத இடமளிக்கும் ஒரு களத்தில் ‘இது என்னுடையது’ என்ற கூற்றைச் சரிபார்க்க வழியில்லை. எழுத்துமூலமான உறுதி வேண்டப்படுவதன் காரணம் அதுவே. அன்றியும், ஒருமுறை அவ்வுரிமத்தின் கீழ் வழங்கிய எழுத்தைப் பின்னர் மீளப்பெறுதல் இயலாது. வணிக நோக்கத்துக்காகவும் எவரும் அதனைப் பயன்படுத்தலாம். இதனை அறிந்தே வழங்குகின்றாரா என்பது அவருடைய நன்மைக்காகவும் கேட்கப்படவேண்டிய கேள்வியாகும்.

மரபு கூறும் ‘வழி’

பதிப்புரிமை மேலைநாட்டு வணிகத்தின் விளைவு, தமிழ் மரபு அறிவைப் பொதுவிற் பகிர்ந்தது, ஆகவே இவ்விதிகள் நமக்கு அந்நியமானவை என்றொரு வாதம் இடையிடையே எழுவதுண்டு. இதன் முற்பாதி ஓரளவு உண்மை. பிற்பாதி ஆராயாமற் கூறியது.

முதனூல், வழிநூல் எனப் பகுத்து, தொகுத்தல், விரித்தல், அவ்விரண்டுஞ் சேர்த்துச் செய்தல், மொழிபெயர்த்தல் என வழிநூலை நான்காக வகுத்தது தொல்காப்பிய மரபியல். இன்றைய கலைக்களஞ்சியப் பணி முழுவதும் இந்நான்கினுள் அடங்கிவிடும். முன்னோர் கருத்தோடு அவர்தஞ் சொல்லையும் எடுத்தாள்வதைப் பவணந்தியார் குற்றமாகக் கொள்ளவில்லை. தாமே தொல்காப்பிய நூற்பாக்கள் சிலவற்றை எடுத்தாண்டார். இம்மட்டோடு நிற்பவர்க்கு மரபு தாராளமானதாகத் தோன்றும். ஆயின் அதே நன்னூல், சிறப்புப்பாயிரம் கூறவேண்டியனவாக எட்டினை எண்ணுமிடத்து, ஆக்கியோன் பெயரை முதலிலும் ‘வழி’யை இரண்டாவதாகவும் வைக்கின்றது. எழுதியவர் யார், அவர் எதன்வழி நின்று எழுதினார் என்பன கூறப்படாத நூல் முகப்பில்லாத வீடு போன்றது. அப்பாயிரத்தை நூலாசிரியன் தானே பாடுதல் தகாது என்பதும், அவனுடைய ஆசிரியனோ உடன்கற்றோனோ மாணாக்கனோ உரைகாரனோ செய்தல் வேண்டுமென்பதும் அந்நூல் தரும் விதி.

விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘வரலாறு’ என்றொரு பக்கம் உண்டு. எந்தப் பயனர், எந்நாளில், எந்நேரத்தில், எதனைச் சேர்த்தார் அல்லது நீக்கினார் என்பது அங்கு வரிவரியாகப் பதிவாகியுள்ளது. அதனை எழுதுபவர் ஆசிரியர் அல்லர், பொறியே எழுதுகின்றது. ஆக்கியோன் பெயர் வரலாற்றுப் பக்கத்திலும், வழி உசாத்துணைப் பட்டியலிலும் இடம்பெறுகின்றன. இவ்வகையில் நோக்கின், பக்க வரலாறு கூட்டுக் கலைக்களஞ்சியத்தின் சிறப்புப்பாயிரமாகும். உரிமத்தின் நிபந்தனையும் பாயிரத்தின் விதியும் இருவேறு சமூகங்களில், இருவேறு காரணங்களினால் தோன்றியவை. அச்சும் சந்தையும் இல்லாத சமூகத்தில் பாயிரம் நூலின் நம்பகத்தை நிறுவியது. இன்று உரிமம் உழைப்பின் உரித்தை நிறுவுகின்றது. ஆயினும் இரண்டும் ஒரே வினாவை எழுப்புகின்றன.

பெயர் இழப்பு எத்தகையது என்பதையும் தமிழிலக்கிய மாணவர் நன்கறிவர். குறுந்தொகையின் ஒரு பாட்டை இயற்றியவரின் இயற்பெயர் தெரியாமையால், அப்பாட்டிலுள்ள உவமையைக் கொண்டே அவர் செம்புலப்பெயனீரார் என அழைக்கப்படுகின்றார். பெயரை மீட்க இயலாத தொகுப்பாளர் சொல்லையே பெயராக்கினர். ஏடு தந்தோர் பெயர்களைத் தம் பதிப்பு முகவுரைகளில் உ. வே. சாமிநாதையர் நிரற்படுத்தியதும் இவ்வுணர்வின் தொடர்ச்சியே.

கூட்டாக எழுதப்படுவதால் விக்கிப்பீடியாவை நாட்டார் பாடலோடு ஒப்பிட்டு, ‘அது மக்கள் படைப்பு, பெயர் எதற்கு’ என்பாரும் உளர். இவ்வொப்புமை பொருந்தாது. நாட்டார் பாடலிற் பெயர் இல்லாமைக்குக் காரணம் வாய்மொழிப் பரவலில் அது உதிர்ந்துபோனமை. இங்கோ ஒரு காற்புள்ளி இட்டவரின் பெயரும் உதிரவில்லை. கூட்டுழைப்பு என்பதும் பெயரின்மை என்பதும் வேறு வேறு.

அமைப்பின் குறைபாடுகள்

இங்ஙனம் கூறுவதால் அவ்வமைப்பு குறையற்றதென்பது கருத்தன்று. முதலாவதாக, பெயர் பதிவாகியுள்ளது. ஆயின் மறைவில் உள்ளது. கட்டுரையைப் படிப்போருள் வரலாற்றுப் பக்கத்தைத் திறப்போர் மிகச் சிலரே. மறுபயன்பாட்டின்போது ஒவ்வொருவர் பெயரையும் எழுதத் தேவையில்லை, மூலக் கட்டுரைக்கு ஓர் இணைப்புக் கொடுத்தாற் போதும் என்பதைப் பங்களிப்பவர் ஏற்கின்றார். நூற்றுக்கணக்கானோர் தொட்ட கட்டுரைக்கு இது நடைமுறைத் தேவை. ஆயினும் இணைப்பு அறுந்தால் எல்லாப் பெயர்களும் ஒருங்கே அறும். 2010இல் வெளிவந்து அவ்வாண்டே கொன்கூர்ப் பரிசு பெற்ற மிசேல் உவெல்பெக்கின் ‘வரைபடமும் நிலப்பரப்பும்’ என்னும் பிரெஞ்சு நாவலில், வீட்டு ஈ முதலியன பற்றிய சில பகுதிகள் பிரெஞ்சு விக்கிப்பீடியாவிலிருந்து பெயர் சுட்டாமல் எடுக்கப்பட்டமை வெளிப்பட்டது. அது தம் கலைமுறை என்றார் ஆசிரியர். பின்வந்த பதிப்பில் விக்கிப்பீடியாவுக்கு நன்றி இடம்பெற்றது. அந்நன்றி நிறுவனத்தைச் சென்றடைந்தது. அவ்வரிகளை எழுதியோரின் பெயர்கள் வரலாற்றுப் பக்கத்திலேயே தங்கிவிட்டன. இன்று செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் விக்கிப்பீடியாவின் உரைகளிலும் பயின்று விடையளிக்கின்றன. அவ்விடைகளோடு பக்க வரலாறு வருவதில்லை. இணைப்பை மட்டும் நம்பிய முறைமையின் வலுவின்மை இங்கு மேலுந் தெளிவாகின்றது.

இரண்டாவதாக, வரலாற்றுப் பக்கம் உழைப்பின் தரத்தை உணர்த்துவதில்லை. கட்டுரையின் உடலை எழுதியவருக்கும் எழுத்துப்பிழை திருத்தியவருக்கும் அங்கு ஒவ்வொரு வரியே. சேர்த்த எழுத்துகளின் அளவை அது காட்டும். அவற்றின் பெறுமதியைக் காட்டாது.

மூன்றாவது குறைபாடே புதியவரை நேரடியாகத் தாக்குவது. விதிகள் அவரை அடையும் முறை அது. பதிப்புரிமையின் முதற்பாடம் அவருக்குப் பெரும்பாலும் ஒரு நீக்கல் அறிவிப்பாகவே கிடைக்கின்றது. பல மணிநேரம் தட்டெழுதிய கட்டுரை மறைந்து, காரணமாகச் சுருக்கமான ஒரு குறிப்பு மட்டும் எஞ்சுகின்றது. நீக்குவோரின் நிலையும் எளிதன்று. அவர்களும் ஊதியமின்றி உழைப்போரே. ஐயத்துக்குரிய உரையை விட்டுவைத்தால் அதன்மீது பிறர் எழுதும் நல்லுரையும் பின்னர் சேர்ந்தழிய நேரும். ஆயினும், தடைவிதியாக மட்டும் கற்பிக்கப்படும் பதிப்புரிமை, ‘பிடிபடாமல் எழுதுவது எப்படி’ என்ற திறமையையே வளர்க்கின்றது. சொல்லை மாற்றுமாறு கூறும் அறிவுரையோடு, ‘எவரிடமிருந்து பெற்றீர் என்பதைக் கட்டுரையின் உள்ளேயே கூறுக’ என்ற அறிவுரையும் இணைந்து வருதல் வேண்டும். முழுக்கட்டுரையும் ஒருவருடைய ஒரே நூலைச் சார்ந்திருக்குமாயின், அவர் பெயர் ஓர் அடிக்குறிப்பு எண்ணுக்குள் ஒடுங்குதல் போதாது. ‘இன்னார் திரட்டிய தகவலின்படி’ என்று வாக்கியத்திலேயே அப்பெயர் நிற்றல் நியாயமாகும். சட்டம் இதனைக் கோராது. கோராமையாலேயே புலமை ஒழுக்கம் இதனைக் கோருகின்றது.

பல்கலைக்கழகத்தின் பொறுப்பு

இப்பிரச்சினையை ஓர் இணையத்தளத்தின் உள்விவகாரமாகக் கருதி ஒதுக்குதல் பொருந்தாது. புதிய பங்களிப்பாளர் தம் எழுத்துப் பழக்கத்தை வெளியிலிருந்தே கொண்டுவருகின்றார். பாடசாலையிற் கரும்பலகைக் குறிப்பை வரி பிசகாமற் பெயர்த்தெழுதி, பரீட்சையில் அதனை அவ்வாறே ஒப்புவித்துப் புள்ளி பெற்ற ஒருவரிடம், ‘இது யாருடைய சொல்’ என்று எவரும் ஒருபோதும் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்திலும் முன்னவர் குறிப்புகள் கைமாறிக் கைமாறி, எழுதியவர் பெயர் உதிர்ந்து, பொதுச் சொத்தாகிவிடுகின்றன. பதினைந்து ஆண்டுகள் கேட்கப்படாத வினாவைக் கலைக்களஞ்சியம் ஒரு நாளிற் கேட்கும்போது அது புதியவருக்கு அவமதிப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

எனவே சட்டத்தை விளக்கும் பணி நிருவாகிகளைச் சார்ந்ததாயினும், ‘வழி’ கூறும் பழக்கத்தை ஊட்டும் பணி கல்வி நிறுவனங்களைச் சார்ந்ததாகும். தமிழில் ஒரு நூற்றாண்டுக் காலத்துக்கு மேலாகத் தனியொருவராலும் கழகங்களாலும் சுமக்கப்பட்ட கலைக்களஞ்சியப் பணி இன்று எழுத விரும்பும் அனைவர் கைக்கும் வந்துள்ளது. ஈழத்து ஊர்களையும் கலைகளையும் மனிதரையும் பற்றி நாளைய வாசகர் முதலில் அறியப்போவது பெரும்பாலும் அதன் வழியாகவே. அவ்வறிவைத் தேடித் தந்தோர் பெயர்கள் அதனோடு செல்லுமா, அன்றி வழியில் உதிருமா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கப்போவதில்லை. கட்டுரையைச் சேமிப்பதற்குமுன் தொகுப்புச் சுருக்கத்திலும் உசாத்துணையிலும் ஓரிரு வரிகளை எழுதும் புதிய பங்களிப்பாளரே அதனைத் தீர்மானிக்கின்றார்.